வெப் சர்வர் டெண்டரில் கையெழுத்துப் போடும் முன்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர்கள், நிதி அலுவலர்கள், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், கணினி மையப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் இணையதளத்துக்கோ தேர்வு முடிவுத் தளத்துக்கோ புதிய டெண்டர் தயாராகும்போது, மென்பொருள் பட்டியலில் வெப் சர்வருக்கென்று, அதாவது கேட்பவருக்கு இணையப் பக்கங்களை அனுப்பிக் கொடுக்கும் மென்பொருளுக்கென்று, ஒரு வரி வரும். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர், அதன் வெப் சர்வரான ஐஐஎஸ், தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வர் என்று பெயர் போட்டு, பக்கத்தில் எண்ணிக்கை எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது போன டெண்டரில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டிய வரிதான். கட்டட வேலைக்கும் ஜெனரேட்டருக்கும் கூட்டத்தில் நீண்ட விவாதம் நடக்கும். இந்த வரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகளாகக் கல்வி நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். ஐஐஎஸ், அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் மூன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் ஓடும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல வெப் சர்வர்தான் உங்கள் இயல்பான தேர்வாக இருக்கட்டும். மூலநிரல் மூடிய தனியுரிம மென்பொருள் வேண்டும் என்பவர் அதற்கான காரணத்தை எழுத்தில் தரட்டும். அப்புறம், லைசென்ஸில் மிச்சமாகும் பணம் வேறு செலவுத் தலைப்புக்குப் போகாமல், அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் போகட்டும். இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் ஏற்பதாக இருந்தால், தயவுசெய்து மாறவே வேண்டாம்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2015ல் திறமூல மென்பொருள் குறித்த கொள்கையை வெளியிட்டது. டெண்டர் ஆவணத்திலேயே திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்ற நிபந்தனை இருக்க வேண்டும், அதைத் தவிர்க்கும் நிறுவனம் ஏன் தவிர்க்கிறது என்று விளக்க வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. அது மத்திய அரசு அமைப்புகளுக்கும், ஏற்றுக்கொள்ளும் மாநில அரசுகளுக்கும் என்று எழுதப்பட்டது. ஆகவே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தை அது நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் சிண்டிகேட்டில் ஒரு தீர்மானம் போட்டு அதே விதியை நீங்களே வைத்துக்கொள்ளலாமே.

நம் ஊருக்கு இதில் பழக்கமும் உண்டு. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்துதான் திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸ் பதிப்பு வெளிவந்தது அந்த முயற்சியில்தான். ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மேசைக் கணினியை மாற்றுவதுதான் கடினம், ஏனென்றால் ஒவ்வொரு ஊழியரின் கைப்பழக்கத்தையும் மாற்ற வேண்டும். வெப் சர்வரைத் தொடுகிறவர்கள் ஒரு நிறுவனத்தில் இரண்டு மூன்று பேர்தான். அதிகக் கடினமானதை முயன்று பார்த்த ஊரில், எளிதானது மட்டும் ஏன் தயங்கி நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, பணக் கணக்கு. ஐஐஎஸ் இலவசம்தானே என்று விற்பனையாளர் சொல்வார். ஐஐஎஸ்ஸுக்குத் தனி விலை இல்லை என்பது உண்மை. அது விண்டோஸ் சர்வருக்குள்ளேயே வருகிறது. விண்டோஸ் சர்வர் 2016ல் இருந்து லைசென்ஸ் கணக்கு, பிராசசருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகளான கோர்களின் எண்ணிக்கையில் போடப்படுகிறது, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். உங்களிடம் இருப்பது 8 கோர் மட்டுமே உள்ள சிறிய இயந்திரமாக இருந்தாலும் 16 கோருக்குத்தான் கட்ட வேண்டும். அதன் பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் வரும், அதற்கும் கோர் கணக்கு. பிறகு பதிப்புக்கு ஆயுள் முடியும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஆண்டு தனிக் கட்டணம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்று உண்டு. சோதனைக்கென்று இன்னொரு சர்வர் வைக்கலாம் என்றால், அதற்கு எந்த லைசென்ஸ் பொருந்தும், யார் ஒப்புதல் தர வேண்டும் என்று கோப்பு நகர ஆரம்பிக்கும். அலுத்துப்போய் அதை விட்டுவிடுவார்கள். நான் பார்த்த கல்லூரிகள் பலவற்றில் சோதனை சர்வர் என்ற ஒன்றே கிடையாது. மாற்றம் எதுவானாலும் மாணவர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரிலேயே நேராகச் செய்து பார்க்கிறார்கள். லினக்ஸில் பழைய கணினி ஒன்று போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனாலும் பணம் என் முதல் காரணம் இல்லை. மென்பொருளை எழுதியவர் விட்டுப் போனால் உங்கள் நிலைமை என்ன என்பதுதான் முதல் காரணம். இதற்கு வெப் சர்வர்களின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1993ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், என்சிஎஸ்ஏ என்ற மையத்தில், ராப் மெக்கூல் ஒரு வெப் சர்வரை எழுதினார். அன்றைய இணையத்தில் பெரும் பகுதி அதில்தான் ஓடியது. 1994ல் அவர் வேலையை விட்டுப் போனார். மென்பொருளில் மேற்கொண்டு வேலை நடக்காமல் தேங்கிவிட்டது. அதை நம்பித் தளம் நடத்தியவர்கள் ஆளுக்கொரு திருத்தம் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். 1995 பிப்ரவரியில் பிரையன் பெலண்டார்ஃப், ராய் ஃபீல்டிங் உள்ளிட்ட எட்டுப் பேர் அந்தத் திருத்தங்களை ஓரிடத்தில் திரட்டத் தொடங்கினார்கள். ஏப்ரலில் முதல் பொது வெளியீடு, டிசம்பரில் 1.0 பதிப்பு. 1996 ஏப்ரலில், எந்தத் தளம் எந்த வெப் சர்வரில் ஓடுகிறது என்று எண்ணும் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதுதான் அப்பாச்சி. இத்தனைக்கும் அந்த எட்டுப் பேரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் இல்லை. மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தது, அதனால் தொடர முடிந்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஸூஸ் என்ற நிறுவனம் ஒரு வெப் சர்வரைக் கொண்டுவந்தது. நல்ல மென்பொருள், வேகத்துக்குப் பெயர்போனது, மூலநிரல் மூடியது. 2011ல் அந்த நிறுவனத்தை ரிவர்பெட் வாங்கியது. வாங்கியவர்களின் கவனம் அதன் இணையப் போக்குவரத்து மேலாண்மை மென்பொருள் மீது இருந்தது, வெப் சர்வர் கைவிடப்பட்டது. காசு கொடுத்து வாங்கிப் பல ஆண்டு பழகியவர்களுக்கு வேறு சர்வருக்கு மாறுவதைத் தவிர வழி இல்லை. எட்டுப் பேர் அல்ல, எண்பது பேர் திரண்டு வந்தாலும் அதைத் தொடர்ந்து பராமரிக்க மூலநிரல் அவர்களிடம் இல்லை.

திறமூலம் என்றால் நிறுவனச் சண்டையே வராது என்று நான் சொல்லவில்லை. என்ஜின்எக்ஸ் அதற்குச் சரியான உதாரணம். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஈகோர் சிசோயெவ் 2002ல் எழுதத் தொடங்கி 2004ல் வெளியிட்டது அது. 2019ல் அமெரிக்காவின் எஃப்5 நிறுவனம் அதை 67 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ராம்ப்ளர் தரப்பு உரிமை கோர, என்ஜின்எக்ஸின் மாஸ்கோ அலுவலகத்தில் போலீஸ் சோதனை நடந்தது. 2024 பிப்ரவரியில், நீண்டகாலம் அதை எழுதிவந்த மாக்சிம் டூனின், நிறுவனத்தின் முடிவுகளோடு ஒத்துப்போகாமல் பிரிந்து, அதே மூலநிரலில் இருந்து ஃப்ரீ என்ஜின்எக்ஸ் என்ற தனிக் கிளையைத் தொடங்கினார். இவ்வளவு நடந்தும் பயன்படுத்தியவர்கள் பழையபடி பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். பிடிக்காதவர்களுக்குக் கிளம்பிப் போக வழியும் இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: என்ஜின்எக்ஸ் பிளஸ் என்று கட்டணப் பதிப்பு ஒன்று இருக்கிறது, அது தனியுரிம மென்பொருள்தான். திறமூலம் என்ற பெயரில் யாராவது அதைப் பட்டியலில் சேர்த்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி பாதுகாப்பு. மூலநிரல் ஊருக்கே தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். நியாயமான பயம்தான், ஆனால் நடந்தது வேறு மாதிரி. 2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகப் பரவும் தீய நிரல், ஐஐஎஸ் சர்வர்களைத் தாக்கியது. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளில் அது பரவியதாக அமெரிக்க ஆய்வு மையமான கைடா கணக்கிட்டது. மூடிய மூலநிரல் அதைத் தடுக்கவில்லை. இரண்டே மாதத்தில் நிம்டா என்ற இன்னொரு புழு வந்தது. மைக்ரோசாஃப்ட் அதில் பாடம் கற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2003ல் வந்த ஐஐஎஸ் 6 பெரிதும் இறுக்கிக் கட்டப்பட்டது, நீங்களாகக் கேட்டு நிறுவினால்தான் வரும். இன்றைய ஐஐஎஸ்ஸை 2001ஐ வைத்துப் பழிப்பது சரியில்லை.

மறுபக்கம், திறமூலத்தின் ஓட்டைகளையும் மறைக்கக் கூடாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இணையத் தொடர்பை ரகசியமாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலுக்குள் இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்பதும் யாராவது பார்க்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல என்று உலகம் அன்று உணர்ந்தது. 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49 பதிப்பில் கோப்புகளை வெளியிலிருந்து படிக்க விடும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2.4.50ல் போட்ட திருத்தம் முழுமையாக இல்லை, சில நாளில் 2.4.51 வந்தது.

இந்தச் சம்பவங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: கோட் ரெட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூன் 18ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அதைப் போடத்தான் ஆள் இல்லை. நம் கல்வி நிறுவனங்களின் நிலைமை இன்றும் அதுதான். தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனம் கடைசிப் பில்லை வாங்கிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு சர்வரில் யாரும் கைவைப்பதில்லை, ஓடுவதைத் தொட்டால் நின்றுவிடுமோ என்ற பயம். அப்பாச்சியாக இருந்தாலும் ஐஐஎஸ்ஸாக இருந்தாலும் மூன்று ஆண்டு திருத்தம் போடாமல் விட்ட சர்வர் ஆபத்தானதுதான். மிச்சமாகும் பணம் ஆளுக்குப் போக வேண்டும் என்று மேலே நான் பிடிவாதமாகச் சொன்னது இதனால்தான்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். முடிவு வெளியாகும் நாளில் தளம் படுத்துவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சர்வரை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்பாதீர்கள், அது திறமூல சர்வராகவே இருந்தாலும். அன்றைக்குத் திணறுவது பெரும்பாலும் வெப் சர்வர் கிடையாது, அதன் பின்னால் இருக்கும் தரவுத்தளம். ஒரு மாணவர் பதிவெண்ணைத் தட்டியதும் கோரிக்கை தரவுத்தளத்துக்குப் போகிறது, பல அட்டவணைகளில் இருந்து மதிப்பெண் திரட்டப்படுகிறது, பக்கம் புதிதாகக் கட்டப்படுகிறது. பதில் வரும் வரை அந்த இணைப்பு காத்திருக்கிறது. பொறுமை இழந்த மாணவர் மறுபடி பொத்தானை அழுத்துகிறார், அது இன்னொரு கோரிக்கை. அண்ணன், அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே எண்ணை நாலு செல்பேசியில் தட்டுகிறார்கள்.

வெளியிட்ட பிறகு முடிவு மாறப்போவதில்லை. ஆகவே அதை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் தேட வேண்டிய அவசியமே இல்லை. முந்தின இரவே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறிய பக்கத்தைத் தயாரித்து வைத்துவிடலாம். பதிவெண்ணை மட்டும் வைத்து யாரும் யாருடைய மதிப்பெண்ணையும் பார்த்துவிடாதபடி, பிறந்த தேதியையும் சேர்த்துக் கணக்கிட்ட கோப்புப் பெயர் கொடுக்கலாம். 5 லட்சம் மாணவர், ஒரு பக்கம் 4 கிலோபைட் என்று வைத்தாலும் மொத்தம் 2 ஜிகாபைட்தான். சாதாரண சர்வரின் நினைவகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இப்படி மாறாத கோப்பைக் கொடுப்பதில் என்ஜின்எக்ஸ் கெட்டிக்காரன். ஒரே நேரத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வி பேசப்பட்ட காலத்தில், அதற்கு விடையாக எழுதப்பட்டது அது. இணைப்புக்கு ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்று ஒதுக்காமல், கோருக்கு ஒன்றாகச் சில புராசஸ்களே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்துக்கொள்கின்றன. இணைப்புக்கு ஒரு புராசஸ் ஒதுக்கும் அப்பாச்சியின் பழைய பிரீஃபோர்க் முறை இந்த வேலைக்குச் சுமாராகத்தான் இருக்கும். சில புராசஸ்களே பல இணைப்புகளைக் கவனிக்கும் அதன் ஈவென்ட் முறை எவ்வளவோ மேல்.

நேர்மையாகச் சொன்னால், ஐஐஎஸ்ஸாலும் மாறாத கோப்புகளை நன்றாகவே கொடுக்க முடியும். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், அந்த ஒரே நாளுக்கு இன்னும் நாலு சர்வர் சேர்க்க நினைக்கும்போது. திறமூலத்தில் இயந்திர வாடகை மட்டும்தான். அதே அமைப்புக் கோப்பை நகல் எடுத்துப் போட்டு, மறுநாள் அணைத்துவிடலாம். விண்டோஸ் என்றால் மேகக் கணிமையிலும் வாடகையோடு லைசென்ஸ் கட்டணம் சேர்ந்தே வரும்.

இப்போது ஐஐஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அமைப்புகளின் கதை. பல இடங்களில் மாணவர் சேர்க்கை, கட்டணம், ஹால் டிக்கெட் எல்லாம் மைக்ரோசாஃப்டின் பழைய நிரலாக்க முறையான ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதப்பட்டவை. அவை பழைய டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கை நம்பியிருப்பவை, விண்டோஸை விட்டு வராது. அவற்றை ஒரே இரவில் பிடுங்கி எறியச் சொல்ல மாட்டேன். நன்றாக ஓடுகிற அமைப்பை, அதைப் புரிந்த ஆட்கள் இருக்கும்போது, கொள்கைக்காக உடைப்பது மாணவர்களுக்குச் செய்யும் கெடுதல். லினக்ஸில் ஒரு என்ஜின்எக்ஸை முன்னால் நிறுத்தி, எல்லாக் கோரிக்கைகளையும் அது வாங்கிப் பின்னால் இருக்கும் ஐஐஎஸ்ஸுக்கு அனுப்பும்படி செய்யலாம். பிறகு ஒவ்வொரு பகுதியாகப் புதிதாக எழுதி, அதற்கான கோரிக்கைகளைப் புதிய நிரலின் பக்கம் திருப்பிவிட்டால் போதும். வெளியே இருக்கும் மாணவருக்கு எதுவும் மாறியது போலவே தெரியாது.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. டாட் நெட்டின் புதிய வடிவமான டாட் நெட் கோர் 2016ல் திறமூலமாகவே வந்துவிட்டது, லினக்ஸிலேயே ஓடுகிறது. சி ஷார்ப் தெரிந்த உங்கள் ஊழியர்கள் அதே மொழியில் எழுதி என்ஜின்எக்ஸ் பின்னால் வைக்கலாம். எங்கள் ஆட்களுக்கு டாட் நெட்தான் தெரியும், அதனால் விண்டோஸ் சர்வர் வேண்டும் என்று ஒரு விற்பனையாளர் இன்றைக்கும் சொன்னால், அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்.

நிதி அலுவலர்கள் வழக்கமாகக் கேட்பது: நள்ளிரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? சரியான கேள்வி. லினக்ஸ் பதிப்புகளை வெளியிடும் ரெட் ஹேட், சூசே, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் ஆகிய நிறுவனங்கள் கட்டணத்துக்கு ஆதரவு தருகின்றன. டெபியன் என்ற லினக்ஸ் பதிப்புக்குப் பின்னால் அப்படி ஒரு நிறுவனம் இல்லை, ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த சிறு நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் ரெட் ஹேட், 2029 வரை வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ் பதிப்பை 2021 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. அதை நம்பியிருந்தவர்கள் ஆத்திரப்பட்டார்கள், நியாயமான ஆத்திரம். ஆனால் சில மாதங்களில் அதற்கு மாற்றாக அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துவிட்டன, அதிகச் சேதமில்லாமல் மாற முடிந்தது. ஒரே நிறுவனம் பிடியில் வைத்திருக்கும் மென்பொருளா, பலர் சேர்ந்து நடத்துவதா என்பதையும் தேர்வு செய்யும்போது பாருங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், பெயர் வேண்டாம். சேர்க்கைத் தளத்தைச் செய்து கொடுத்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் முதல்வர் அலுவலகத்தில் இல்லை, மூலநிரல் இல்லை, அமைப்பு பற்றி ஒரு பக்கக் குறிப்புகூட இல்லை. விண்ணப்பம் தொடங்கும் வாரம் அது. அந்த சர்வரில் ஓடியது திறமூல மென்பொருள்தான். ஆனால் அதன் மேல் கட்டிய நிரலைக் கல்லூரி கேட்டு வாங்கவே இல்லை. அடித்தளம் திறந்திருந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஆகவே உங்கள் அடுத்த டெண்டரில் இவை இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெப் சர்வர் வரிசையில் பொருளின் பெயரைப் போடாமல், எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவதைத் தாங்க வேண்டும், எந்தத் தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும், லினக்ஸில் ஓட வேண்டும். உங்களுக்காக எழுதப்படும் நிரலின் முழு மூலமும் சர்வரின் அமைப்புக் கோப்புகளும் உங்கள் பல்கலைக்கழகத்தின் சொத்து என்று எழுதுங்கள். ஒவ்வொரு தவணைப் பணத்துக்கும் முன்னால் அவற்றை, மூலநிரலையும் அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் உங்கள் சொந்தக் கிட் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். கடுமையான ஓட்டை அறிவிக்கப்பட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் திருத்தம் போட வேண்டும் என்று குறிப்பிடுங்கள்.

தளத்தோடு நடக்கும் தொடர்பைப் பாதுகாப்பாக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழின் புதுப்பிப்பு தானாக நடக்க வேண்டும் என்றும் சேருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. அப்பாச்சியிலும் என்ஜின்எக்ஸிலும் ஒரு முறை அமைத்தால் போதும், ஐஐஎஸ்ஸுக்கும் கருவி உண்டு. 2029 மார்ச் முதல் புதிய சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 47 நாளாகக் குறையப்போகிறது. கையால் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் அப்போது திண்டாடும்.

கடைசியாக, ஆள். கணினி மையத்தில் லினக்ஸ் சர்வர் நிர்வாகத்துக்கென்று நிரந்தரப் பணியிடம் ஒன்றை உருவாக்குங்கள். ஆய்வக உதவியாளருக்குக் கூடுதல் பொறுப்பாகத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் கணினி அறிவியல் துறையில் படிக்கும் மாணவர்களைச் சோதனை சர்வரில் பழக விடுங்கள், முதுநிலை மாணவர்களுக்கு அதைத் திட்டப்பணியாகவே கொடுக்கலாம். அவர்கள் வேலைக்குப் போகும் இடங்களில் காத்திருப்பது பெரும்பாலும் இதே லினக்ஸும் என்ஜின்எக்ஸும்தான். அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட்டில் அந்தப் பணியிடத்துக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு டெண்டரை அழையுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒருவர்